நாலாவது சாவி

செந்தில், இதைப் படிக்கும்போது அனிதாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள். மார்கழி மாதம் நீங்கள் இருவரும் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் உங்கள் ஆனையூர் வீட்டுக்குள் வந்து, தொட்டியில் கிடந்த பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனது நான்தான். திருடன் இல்லை. கீழ்வீட்டு வாத்தியாரும் இல்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை வீட்டைக் காலி செய்துகொண்டு கோயம்புத்தூருக்குப் போகிறீர்கள். முகம் தெரியாத யாரோ ஒருவன் தன் சமையலறையில் நின்றான் என்ற பயத்தை அனிதா அங்கேயும் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. அதற்காகத்தான் இந்தக் கடிதம். மன்னிப்புக் கேட்கிற கடிதம் என்று நினைக்காதே. அதற்கு எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

எழுதுவது உன் தங்கை கயல். பரீட்சை முடிந்து வீட்டில்தான் இருக்கிறாள். என் எழுத்து உனக்குத் தெரியும், கடைப் பலகையில் என் பெயரை எழுதவே நான் மூன்று முறை அழித்தவன். நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். உட்காரும்போதே ஒப்பந்தம் போட்டுக்கொண்டாள். "நீங்க சொல்றத நல்ல தமிழ்ல எழுதுவேன்ப்பா. ஆனா ஒண்ணையும் குறைக்க மாட்டேன், கூட்டவும் மாட்டேன். நீங்களும் நடுவுல இத விட்ருன்னு சொல்லக் கூடாது." சரி என்றேன். உன் அம்மா காய்கறிப் பையோடு உள்ளே வந்தாள். "ஆனையூருக்கு பஸ் ஏறுனா முக்கா மணி நேரம். அதுக்கு அப்பனும் மகளும் உக்காந்து பத்திரம் எழுதுறீங்களா? வாயால சொன்னா முத்து உதிர்ந்திருமா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் உன் வீட்டுக்குள் போனது அவளுக்கு மூன்று நாள் முன்னால் தெரிந்துவிட்டது. அன்றையிலிருந்து எனக்குச் சோறு போடுகிறாள், ஆனால் எதிரில் உட்காருவதில்லை.

நான் என்ன வேலை செய்கிறேன் என்பது உனக்குத் தெரியும், எப்படிச் செய்கிறேன் என்பதை நீ கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. சாவியின் ஓரத்தில் இருக்கிற பள்ளங்களை நாங்கள் வெட்டு என்போம். சாதாரண வீட்டுச் சாவியில் ஐந்து வெட்டு இருக்கும். ஒவ்வொரு வெட்டும் எந்த ஆழத்துக்கு வேண்டுமானாலும் இருக்கும் என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒரு ரகப் பூட்டுக்கு நாலைந்து ஆழம்தான் வைத்திருப்பார்கள். மேல் வெட்டா, நடு வெட்டா, அடி வெட்டா, இரண்டுக்கும் இடையிலா, அவ்வளவுதான். முப்பது வருடம் அதையே பார்த்த கண்ணுக்கு அது ஐந்து எழுத்துள்ள ஒரு சொல். ஒருவர் சாவியை மேசையில் வைத்துவிட்டு மூக்கைச் சிந்துவதற்குள் படித்துவிடலாம். பிறகு வெட்டாத வெற்றுச் சாவியை இடுக்கியில் பிடித்து, முக்கோண அரத்தால் ராவினால் முடிந்தது. கீழவாசலில் மெஷின் வைத்திருக்கிற கடைகள் நிறைய உண்டு. என்னிடம் வருகிறவர்கள் உடைந்த சாவியை, வளைந்த சாவியை, மெஷினில் நிற்காத தேய்ந்த சாவியைக் கொண்டுவருகிறவர்கள். தேய்ந்த சாவியை மெஷின் தேய்ந்த மாதிரியே வெட்டும். கண் மட்டும்தான் அது முதலில் எப்படி இருந்திருக்கும் என்று பார்க்கும்.

இதைச் சொன்னபோது கயல் பேனாவை நிறுத்தினாள். "அப்ப இது வாசிக்கிற மாதிரிதாம்ப்பா. பஸ்ல போர்டு கண்ணுல பட்டா என்னால வாசிக்காம இருக்க முடியாது." ஆமாம் என்றேன். எனக்கு ஏதோ விடுதலை கிடைத்த மாதிரி இருந்தது. அவள் விடவில்லை. "ஆனா போர்ட வாசிச்சிட்டோம்னு எல்லா பஸ்லயும் ஏறுவோமா?"

உன் சின்ன வயதில் அலங்காநல்லூரில் ஜல்லிக்கட்டு பார்க்கப் போனோம், நினைவிருக்கிறதா? கூட்டத்தில் வண்டிச் சாவி எங்கோ விழுந்துவிட்டது. உன் கூட்டாளிகள் மூன்று பேர் அங்கே நம்மோடு சேர்ந்திருந்தார்கள். என் பையில் அரமும் வெற்றுச் சாவிகளும் எப்போதும் இருக்கும். வேலிக்கல்லில் சாவியை அழுத்திப் பிடித்து, மனதில் இருந்ததைப் பார்த்து ராவினேன். இரண்டாவது முறை வண்டி கிளம்பியது. "என்னடா மாப்ள, உங்கப்பா மந்திரவாதியாடா?" என்று ஒருவன் கேட்டான். நீ பின்னால் ஏறி உட்கார்ந்தாய். என் முதுகில் சாய்ந்துகொண்டு, வண்டி ஊர் வந்து சேரும்வரை என் சட்டையைப் பிடித்த கையை எடுக்கவில்லை. அந்தப் பிடியை நான் தவறாகப் புரிந்துகொண்டேன் என்று இப்போது தோன்றுகிறது. எனக்குத் தெரியாமல் உன் வாழ்க்கையில் எதுவும் பூட்டியிருக்கக் கூடாது என்று நீயே சொன்ன மாதிரி எடுத்துக்கொண்டேன்.

அதனால்தான் நீ பன்னிரண்டாவது படிக்கும்போது உன் தகரப் பெட்டிக்குச் சின்னப் பூட்டு ஒன்று வாங்கிப் போட்டதும் எனக்குப் பொறுக்கவில்லை. சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டியிருந்தாய். குளித்துவிட்டு வரும்போது பார்த்தேன். பீடி, சிகரெட் இருக்குமோ என்று நினைத்தேன் என்று சொல்லிக்கொண்டேன். நீ டியூஷனுக்குப் போன பிறகு அதே மாதிரி ஒன்று ராவித் திறந்தேன். பீடியும் இல்லை, ஒன்றும் இல்லை. சமையல் படிப்புக்கு ஒரு கல்லூரியிலிருந்து வாங்கிய விண்ணப்பம் இருந்தது. உன் கையெழுத்தில் பாதி நிரப்பியிருந்தாய். தந்தை கையொப்பம் என்ற இடம் காலியாக இருந்தது. பெட்டியை மூடிவிட்டேன். நீ கொண்டுவந்து நீட்டுவாய் என்று காத்திருந்தேன். நீ நீட்டவில்லை. நான் ஐ.டி.ஐ. என்றேன், நீ சரி என்றாய். நான் மட்டும் பெட்டியைத் திறக்காமல் இருந்திருந்தால், உன் முகத்தைப் பார்த்து, "என்னடா, வேற எதுவும் படிக்கணும்னு இருக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பேன். திறந்து பார்த்ததால் கேட்க முடியவில்லை. கேட்டால் தெரிந்துவிடும் என்ற பயம். திருட்டுத்தனமாகத் தெரிந்துகொண்டவனுக்குக் கேட்கிற உரிமை போய்விடுகிறது. இதை அன்றைக்கே நான் கற்றிருக்க வேண்டும்.

போன புரட்டாசியில் கடைக்கு ஒருவன் வந்தான். போனில் ஒரு சாவியின் படம் காட்டினான். "அண்ணே, பாத்தாலே போட்ருவீங்களாம்ல. இத ஒண்ணு போட்டுக் குடுங்கண்ணே." போட முடியும், போட மாட்டேன் என்றேன். "என் வீடுதாண்ணே." "உன் வீடுன்னா சாவி உன் கையில இருக்கும்ல. படம் எதுக்கு?" என்றேன். முறைத்துக்கொண்டே போனான். பக்கத்துக் கடைக்காரர் என்னைப் பெருமையாகப் பார்த்தார். சாவிக்கு உடையவர் எதிரில் நிற்காமல் அரத்தைத் தொடக் கூடாது என்பது எங்கள் தொழிலில் யாரும் எழுதி வைக்காத சட்டம். அதை மீறியவன் என்று என்னை யாரும் சொன்னதில்லை. அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீயும் அனிதாவும் சாப்பிட வந்தீர்கள். நீ வீட்டுச் சாவியை ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டுக் கை கழுவப் போனாய். நான் தண்ணீர்ப் பாட்டில் எடுக்க எழுந்தேன். நடு, அடி, மேல், நடு, நடு. திங்கட்கிழமை காலையில் கடையில் ஆள் இல்லாத நேரத்தில் என் கை அதை ராவி முடித்துவிட்டது. கை என்று சொல்கிறேன் பார். கயல் அந்த வரியின் கீழ் ஒரு கோடு போட்டுவிட்டு, "கை தானா செய்யாதுப்பா" என்றாள். சரி. நான்தான் செய்தேன். என்றைக்காவது நீங்கள் சாவியைத் தொலைத்தால் உதவும் என்று என் மூக்குக்கண்ணாடிக் கூட்டில் போட்டு வைத்தேன்.

ஐப்பசியில் உங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் பீரோ திறக்கக் கூப்பிட்டார்கள். வேலை முடிந்து வெளியே வந்தால் மழை. உங்கள் வீட்டுப் படியேறி நின்றேன். சாரல் முகத்தில் அடித்தது. கண்ணாடிக் கூடு சட்டைப் பையில் இருந்தது. திறந்து உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். மேசையில் ஸ்கேன் எடுத்த கவர் இருந்தது. மேலே அனிதாவின் பெயர். பிரித்துப் பார்த்தேன். படத்தில் எனக்கு ஒன்றும் புரியவில்லை, எட்டு வாரம் என்று எழுதியிருந்ததை மட்டும் எழுத்துக் கூட்டிப் படித்தேன். மழை விட்டதும் பூட்டிவிட்டு வந்தேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிவிடுவேனோ என்று வாயை இறுக்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் சொல்லவில்லை. மூன்று மாதம் முடிந்ததும் நீங்களே சொல்வீர்கள், அப்போது புதிதாகக் கேட்கிற மாதிரி கேட்க வேண்டும் என்று இருந்தேன். கார்த்திகையில் இன்னொரு முறை போனேன். அன்றைக்கு மழையும் இல்லை, வேலையும் இல்லை. மாத்திரை அட்டைகளைப் பார்த்தேன். அலமாரியில் மஞ்சள் துணியில் தைத்த சின்னச் சட்டை ஒன்று இருந்தது. அதைத் தொடவில்லை என்று சொன்னால் பொய்.

மார்கழியில் மூன்றாவது முறை. ஒரு மாதமாக நீ போனில் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசவில்லை. அனிதாவுக்குக் காய்ச்சல் என்றாய். உள்ளே போனபோது வீடு வாசனையே இல்லாமல் இருந்தது. மேசையில் ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே அனுப்பும்போது கொடுக்கிற தாள். படித்துப் புரிந்துகொள்ள எனக்குக் கால் மணி நேரம் ஆனது. குழந்தை தங்கவில்லை. மெத்தையைச் சுருட்டி ஜன்னலோரம் நிறுத்தியிருந்தீர்கள். சமையலறைத் தொட்டியில் இரண்டு நாள் பாத்திரம். எனக்கு அழுகை வரவில்லை. நெஞ்சுக்குள் எதுவுமே நடக்கவில்லை. குளிர்ந்த தண்ணீரில் வெகுநேரம் வைத்த கை போல இருந்தேன். உனக்கு போன் போட்டுச் சொல்ல முடியாது. அனிதாவின் தலையில் கை வைக்க முடியாது. எனக்குத் தெரியாதே. எனக்குத் தெரிந்திருக்கக் கூடாதே. அந்த வீட்டில் என்னால் செய்ய முடிந்தது பாத்திரம் கழுவுவது ஒன்றுதான். ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு வந்தேன். அதை நீங்கள் கவனிப்பீர்கள் என்றுகூடத் தோன்றவில்லை.

இந்த இடத்தைச் சொல்வதற்கு முன்னால் கயலை அனுப்பிவிட்டு நானே எழுதலாமா என்று யோசித்தேன். நீங்கள் யாரிடமும் சொல்லாத செய்தி. அம்மாவுக்குக்கூட நான் சொல்லவில்லை, நான் வீட்டுக்குள் போனதை மட்டும்தான் சொன்னேன். "கொஞ்சம் வெளிய இரும்மா" என்றேன். கயல் தலையை நிமிர்த்தவில்லை. "எனக்குத் தெரியும்ப்பா. அண்ணி அன்னைக்கே போன்ல சொன்னாங்க. யார்ட்டயும் சொல்லாதன்னு சொன்னாங்க, சொல்லல. நீங்க சொல்லுங்க, எழுதுறேன்." பதினாறு வயது. நாலு மாதமாக இந்த வீட்டில் என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். அவளிடம் எந்தச் சாவியும் இல்லை. அனிதாவே கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறாள்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும், ஆனால் என் பக்கத்திலிருந்து தெரியாது. மறுநாள் நீ கடைக்கு வந்தாய். "அப்பா, வீட்டுக்குள்ள யாரோ வந்திருக்காங்க. ஒரு பொருளும் போகல, ஏனத்தக் கழுவி வச்சிட்டுப் போயிருக்கான். அனிதா ராத்திரி பூரா லைட்டப் போட்டு உக்காந்திருக்கா. இன்னொரு சாவி கீழ்வீட்டு வாத்தியார்கிட்டதான் இருக்கு. நீங்க வந்து பூட்ட மாத்திக் குடுங்க" என்றாய். அப்போது சொல்லியிருக்க வேண்டும். பையை எடுத்துக்கொண்டு உன் பின்னால் வண்டியில் உட்கார்ந்தேன். அனிதா டார்ச் பிடித்துக்கொண்டு என் பக்கத்திலேயே நின்றாள். "மாமா, நல்ல பூட்டாப் போடுங்க மாமா. யாராலயும் தொறக்க முடியாத மாதிரி." போட்டுட்டேம்மா என்றேன். நான் உள்ளே வராமல் இருக்க, நானே பூட்டுப் போட்டேன். புதுச் சாவிகளை அவள் கையில் கொடுத்தபோது வேறு பக்கம் பார்த்தேன். அதற்குள் கண் வாசித்துவிட்டது. அதற்கு நான் சாவி போடவில்லை. இதை நீ நம்ப வேண்டிய கட்டாயம் இல்லை.

கழற்றிய பழைய பூட்டைக் கோணிப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதோடு இருந்த மூன்று சாவிகளும், வாத்தியாரிடமிருந்து நீ கேட்டு வாங்கியது உட்பட, ஒரே கம்பியில் கோத்துக் கிடந்தன. கயலுக்குப் பூட்டின் உள்ளே எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை, எடுத்து வைத்துக்கொண்டாள். போன வாரம் என் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கக் கூட்டைத் திறந்தவள் சாவியைப் பார்த்திருக்கிறாள். எதற்கும் சேராத சாவி, புது ராவல். போய் அந்தப் பூட்டில் விட்டுத் திருப்பியிருக்கிறாள். கடையிலிருந்து வந்து நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அப்பா, மூணு சாவி கம்பியில இருக்கு. இது நாலாவது. இது எப்படி வந்துச்சு?" திட்டவில்லை. கணக்கில் விடை வராதபோது கேட்கிற மாதிரிதான் கேட்டாள். நான் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "வாத்தியார் தாத்தாட்ட சொல்லிட்டீங்களா?"

நேற்று சாயங்காலம் அவளையும் கூட்டிக்கொண்டு ஆனையூர் போனேன். நீங்கள் வருவதற்கு முன்பே திரும்பிவிட்டோம். வாத்தியார் முன்வாசலில் செய்தித்தாள் மடித்துக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். கேட்டு முடித்து, கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். "உங்க மகன் என்னைத் திருடன்னு சொல்லலங்க. மரியாதையான பையன். ஆனா வந்து, மாத்துச் சாவியக் குடுங்கய்யான்னு கேட்டு வாங்கிட்டுப் போனாரு. அதுக்கப்புறம் என் வீட்டம்மா மொட்டை மாடிக்குத் துணி காயப் போடக்கூடப் போறதில்ல. அந்தப் பொண்ணு வாசலைத் தாண்டணுமேன்னு. நாலு மாசமா இந்த முத்தத்துலதான் காயுது" என்றார். கொடியில் ஈரச் சேலை இருந்தது. நான் கைகூப்பினேன். அவர் பதிலுக்குக் கூப்பவில்லை. "என்கிட்ட சொன்னது சரி. அங்க சொல்லுங்க முதல்ல" என்றார். போவதற்கு முன் நீயும் ஒரு முறை அவர் வீட்டுப் படி ஏறிவிட்டுப் போ. பழி என்னுடையது. ஆனால் அவர் கையிலிருந்து சாவியை வாங்கியது நீ.

உனக்குப் புத்தி சொல்கிற தகுதி எனக்கு இல்லை, இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். என் கண் உனக்கும் கொஞ்சம் வந்திருக்கிறது. அனிதா போனில் ரகசிய எண் போடும்போது உன் பார்வை அவள் விரலுக்குப் போவதை நான் பார்த்திருக்கிறேன். தெரிந்துவிட்டது என்றால் தெரிந்துவிட்டது என்று அந்த நிமிடமே சொல்லிவிடு, அவள் மாற்றிக்கொள்ளட்டும். அவள் சொல்லாமல் வைத்திருப்பதைக் காத்திருந்து கேள். சில சமயம் அவள் வேறு யாரிடமாவது சொல்வாள். அதையும் தாங்கிக்கொள். இன்னொன்று, கோயம்புத்தூர் வீட்டின் சாவியை என் கண்ணில் காட்டாதே. இங்கே வந்தால் சட்டைப் பைக்குள்ளேயே வைத்துக்கொள், ஃபிரிட்ஜ் மேல் வைக்காதே. பாராமல் இருக்கக் கற்றுக்கொள்கிறேன் என்று உனக்கு வாக்குக் கொடுக்க என்னால் முடியாது. முப்பது வருடக் கண்.

நாலாவது சாவியை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். அதற்குக் கதவு இல்லை. அனிதா அதை என்ன செய்ய நினைக்கிறாளோ செய்யட்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் சாமான் ஏற்ற வருகிறேன். தெருவில் லாரிப் பக்கத்தில் நிற்பேன், நீங்கள் இறக்கிக் கொடுப்பதை வாங்கி வைப்பேன். மாடிக்கு வர மாட்டேன். அனிதா மேலேயிருந்து என்னைக் கூப்பிட்டால் மட்டும் படியேறுவேன். கூப்பிடாவிட்டால் கயிறு கட்டிக் கொடுத்துவிட்டு, லாரி கிளம்பியதும் கடைக்குப் போய்விடுவேன். கூப்பிடு என்று நீ அவளிடம் சொல்லக் கூடாது.